டிவி வந்தாயிற்று, பிள்ளை வாசிக்கிறாளா? தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் சொந்த வகுப்பில் ஆய்வு செய்ய முழுமையான வழிகாட்டி

குடியாத்தம் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். ஸ்மார்ட் டிவி வந்த புதிதில் ஒரு கதையை நாலு நாள் தொடர்ந்து வீடியோவாகப் போட்டேன். ஐந்தாம் நாள் அதே கதையை அச்சில் கொடுத்து வாசிக்கச் சொன்னதும் ஒரு பையன் கணீரென்று வாசித்தான். ஓர் எழுத்துப் பிசகில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தேன். வாய் ‘நரி கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தது’ என்கிறது. விரல் மூன்று வரி தள்ளி ‘முயல்’ என்ற சொல்லின்மேல் நிற்கிறது. மற்ற வரிகளைக் கையால் மறைத்து, “இது என்னடா கண்ணு?” என்றேன். சொல்லைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான், பிறகு கதையை முதலிலிருந்து ஆரம்பித்தான்.

அவனுக்குக் கதை மனப்பாடம் ஆகியிருந்தது. வாசிப்பு வரவில்லை. ‘பிள்ளைகள் ஆர்வமாகப் பார்த்தார்கள்’ என்று அதுவரை பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தேனே, அது எதற்கும் சான்றில்லை என்று அன்றுதான் உறைத்தது. அந்த வருடமே செயலாராய்ச்சி செய்ய உட்கார்ந்தேன். தவறு செய்து, திருத்தி, மறுபடி செய்து கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன். பிஎச்.டி. வேண்டாம், ஆங்கிலம் வேண்டாம். ஒரு நோட்டும் ஒரு பருவமும் போதும்.

தொடங்கும் முன்: மற்றவர்கள் என்ன கண்டார்கள்?

வேலை செய்பவரே தன் வேலையை ஆராய்ந்து திருத்திக்கொள்வதுதான் செயலாராய்ச்சி. இந்தப் பெயரைப் பரவலாக்கியது கர்ட் லெவின் என்ற உளவியலாளர் 1946இல் எழுதிய கட்டுரை. பி.எட். பாடத்தில் எல்லாரும் படித்ததுதான். ஆனால் திரையும் கணினியும் பிள்ளைகளுக்கு என்ன செய்தன என்று உலகத்தில் நடந்த ஆய்வுகளை நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நாலைத் தெரிந்துகொண்டால் நம் கேள்வி கூர்மையாகும்.

குஜராத்தில் வதோதரா நகராட்சிப் பள்ளிகளில் 2000களின் தொடக்கத்தில் நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாரம் இரண்டு மணி நேரம், ஒரு கணினிக்கு இரண்டு பேர் என்று உட்காரவைத்துக் கணக்கு விளையாட்டு கொடுத்தார்கள். கணக்கு நன்றாகவே உயர்ந்தது, மொழியில் மாற்றம் இல்லை. நிறுத்தி ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் கணக்கில் வந்த உயர்வும் பெரும்பாலும் தேய்ந்திருந்தது. அந்த ஆய்வாளர்களில் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் 2019இல் நோபல் பரிசு பெற்றவர்கள்.

பெரு நாட்டுக் கிராமத் தொடக்கப்பள்ளிகளில் பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி கொடுத்தார்கள். 15 மாதம் கழித்துப் பார்த்ததில், கணினி வாங்கிய பள்ளிக்கும் வாங்காத பள்ளிக்கும் கணக்கிலும் மொழியிலும் வித்தியாசம் தெரியவில்லை.

டெல்லியில் கார்த்திக் முரளிதரனும் கூட்டாளிகளும் நடுநிலை வகுப்புப் பிள்ளைகளைச் சீட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்து மாலை மையத்துக்கு அனுப்பினார்கள். 45 நிமிடம் கணினி, 45 நிமிடம் சிறு குழுவில் ஆசிரியர். அந்த மென்பொருள் பிள்ளை எந்த வகுப்பில் படிக்கிறது என்று பார்க்கவில்லை. உண்மையில் எந்த நிலையில் நிற்கிறது என்று கண்டுபிடித்து அங்கிருந்து தொடங்கியது. நாலரை மாதத்தில் கணக்கும் இந்தியும் தெளிவாக உயர்ந்தன.

நாலாவது நம்முடையது. கொரோனாவில் பள்ளிகள் 18 மாதம் மூடிக் கிடந்தபின் தமிழ்நாட்டுக் கிராமப் பிள்ளைகளை அளந்தார்கள். கணக்கில் இழப்பு மிகப் பெரிது. மொழியில் அதில் பாதியளவு. பள்ளி திறந்த ஆறு மாதத்தில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டு வந்தது. அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு, திண்ணையிலும் தெருவிலும் தன்னார்வலர்கள் நடத்திய இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்று கணக்கிட்டார்கள்.

நாலையும் சேர்த்துப் பார்த்தபோது எனக்கு ஒன்று பிடிபட்டது. கருவி இருப்பது ஒரு விஷயமே இல்லை. அது பிள்ளை நிற்கும் இடத்துக்கு இறங்கி வருகிறதா என்பதுதான் விஷயம். தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அவர்கள் நிற்கும் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று கீழிருந்து மேலாக நாம் பிரிப்பதும் இதற்காகத்தானே.

படி 1: கேள்வியைச் சுருக்குங்கள்

‘டிஜிட்டல் கற்பித்தலின் தாக்கம்’ என்று தலைப்பு வைத்தால் முடிக்கவே முடியாது. எந்தக் கருவி, எந்தத் திறன், எந்தப் பிள்ளைகள், எத்தனை வாரம், எதற்கு எதிராக? ஐந்தும் ஒரே வாக்கியத்துக்குள் வரவேண்டும். என் கேள்வி இது: ‘மொட்டு நிலையில் உள்ள மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நான்கு வாரம் கைக்கணினியில் சத்தமாக வாசித்துப் பழகினால், அதே அளவு நேரம் என்னிடம் வாசிப்பு அட்டையில் பழகுவதைவிட, பார்த்திராத பத்தியைக் கூடுதலாக வாசிக்கிறார்களா?’

‘எதற்கு எதிராக’ என்பதைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறோம். எதுவும் செய்யாத பிள்ளைகளோடு ஒப்பிட்டால் கருவி எப்போதும் ஜெயிக்கும். கூடுதலாகக் கொடுத்த நேரமே அதை ஜெயிக்கவைக்கும்.

படி 2: கருவியும் காலமும்

எங்கள் பள்ளியில் ஒரு ஸ்மார்ட் டிவி, ஆசிரியர் கைக்கணினி, என் போன். இவ்வளவுதான். கூகுளின் ரீட் அலாங் செயலியைத் தேர்ந்தெடுத்தேன். 2019இல் போலோ என்ற பெயரில் வந்தது. பிள்ளை தமிழில் வாசிப்பதைக் கேட்டுத் தவறான சொல்லைச் சுட்டும். கதைகளுக்கு ஸ்டோரிவீவர் தளம். நிலைவாரியாகத் தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கும், தரவிறக்கியும் வைத்துக்கொள்ளலாம். அணைக்கட்டு ஒன்றியத்தில் பீஞ்சமந்தை, பாலாம்பட்டு போன்ற மலைப் பள்ளிகளில் வேலை செய்பவர்கள் கீழேயே எல்லாவற்றையும் தரவிறக்கிக்கொண்டு ஏறுங்கள். மேலே போய் சிக்னல் தேடினால் ஆய்வு முதல் வாரத்திலேயே நின்றுவிடும்.

காலத்துக்கு ஜூலை இரண்டாம் வாரம் தொடங்கி காலாண்டுத் தேர்வுக்கு முன் முடிப்பதே நல்லது. நடுவில் ஆடிக் கிருத்திகை வரும். வள்ளிமலைக்கும் ரத்தினகிரிக்கும் காவடி எடுக்கும் வீடுகள் நம் பக்கம் ஏராளம், அந்த வாரம் வகுப்பில் பாதிதான் இருக்கும். அளவிடும் நாளை அதில் வைக்காதீர்கள்.

படி 3: சம்மதம்

தலைமை ஆசிரியரிடமும் வட்டாரக் கல்வி அலுவலரிடமும் எழுத்தில் தெரிவியுங்கள். அது எளிது. பெற்றோர் சம்மதத்துக்குத்தான் வீடு வீடாக நடக்க வேண்டும். படிவத்தைக் கொடுத்தனுப்பினால் கைநாட்டோடு திரும்பி வந்துவிடும், என்ன எழுதியிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஒரு வீட்டில் அம்மா மடியில் முறத்தை வைத்து பீடி சுற்றிக்கொண்டே கேட்டார்: “மொபைல் குடுத்தா கண்ணு கெட்டுப்போவாதா டீச்சர்?” நியாயமான கேள்வி. வாரத்துக்கு 50 நிமிடம்தான், கூட நான் இருப்பேன், வேண்டாம் என்றால் எந்த நாளும் நிறுத்திக்கொள்ளலாம் என்று சொன்னபின் கையெழுத்துப் போட்டார். பேரணாம்பட்டுப் பக்கம் உருது பேசும் வீடுகளுக்கும், ஆந்திர எல்லையோரம் தெலுங்கு பேசும் வீடுகளுக்கும் அந்த மொழி தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போங்கள்.

18 வயதுக்குட்பட்டவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். ஆய்வு நோட்டில் பெயர் வேண்டாம், ‘அ1’, ‘ஆ7’ என்று குறியீடு போதும். குரல்பதிவைப் பென்டிரைவில் வையுங்கள். வாட்ஸ்அப் குழுவில் ஒருபோதும் போடாதீர்கள். மந்தமாக வாசிக்கும் பிள்ளையின் குரலை ஊரே கேட்கக் கூடாது.

படி 4: பத்திகளை உருவாக்குங்கள்

மொத்த ஆய்வும் இதில்தான் நிற்கிறது. ஒரு முழு வாரம் இதற்கே கொடுங்கள்.

பாடப்புத்தகத்திலிருந்து எடுக்காதீர்கள், பாதிப் பேருக்கு மனப்பாடம். நீங்களே எழுதுங்கள்: சந்தை, ஆடு, பாலாற்று மணல், கோட்டை அகழியில் மீன் என்று பிள்ளைகளுக்குத் தெரிந்த சங்கதிகள். மூன்று அளவீட்டுக்கு மூன்று பத்தி, கைவசம் ஒன்று, ஆக நான்கு.

நான்கும் ஒரே கடினத்தில் இருக்க வேண்டும். மூன்றாம் வகுப்பு முடிவில் நிமிடத்துக்குக் குறைந்தது 60 சொல் என்று ஒன்றிய அரசின் அடிப்படைக் கல்வித் திட்டமான நிபுண் பாரத் சொல்கிறது. தமிழில் சொல்லை எண்ணினால் ஏமாந்துபோவோம். ‘பூ’ ஒரு சொல். ‘வந்துகொண்டிருந்தார்கள்’ என்பதும் ஒரு சொல், அதில் 12 எழுத்து. ஆகவே எழுத்தை எண்ணுங்கள். நான் ஒவ்வொரு பத்தியையும் 240 எழுத்தாக வைத்தேன். மெய்யெழுத்தையும் ஒன்றாகவே எண்ண வேண்டும். கெ, கே, கொ, கோ வரிசையும் ல, ள, ழவும் ந, ன, ணவும் ர, றவும் நான்கு பத்தியிலும் ஏறக்குறைய சம அளவில் வரட்டும்.

பிறகு பக்கத்துப் பள்ளியின் மூன்றாம் வகுப்பில் ஏழெட்டுப் பேரிடம் நான்கையும் கொடுத்துப் பாருங்கள். எந்தப் பத்தியில் எல்லாரும் தடுக்கி விழுகிறார்களோ அதைத் திருத்துங்கள். என் முதல் முயற்சியில் இதைச் செய்யவில்லை. கடைசிப் பத்தி தற்செயலாக எளிதாக அமைந்துவிட்டது; எல்லாப் பிள்ளைகளும் ‘முன்னேறினார்கள்’. அந்த வருட ஆய்வு முழுவதும் வீண்.

ஆசிரியர் கையில் இருக்கும் படியில் ஒவ்வொரு வரி முடிவிலும் அதுவரை எத்தனை எழுத்து என்று சிறிதாக எழுதி வையுங்கள். பிள்ளை எங்கே நின்றாலும் நொடியில் எண்ணிவிடலாம்.

படி 5: முதல் அளவீடு

ஒவ்வொரு பிள்ளையாக. தனியாக. வராந்தா ஓரம், மரத்தடி, சமையல் வாசனை வராத நேரம். கூட்டாக வாசிக்கச் சொன்னால் பத்து பேர் குரலில் பதினைந்து பேர் ஒளிந்துகொள்வார்கள். பிரதம் அமைப்பின் அசர் கணக்கெடுப்பு 2005லிருந்து வீடு வீடாகப் போய்ப் பிள்ளையைத் தனித்தனியே வாசிக்கவைத்துத்தான் நாட்டின் கிராமங்களை அளக்கிறது. நமக்கும் அதே வழி.

ஒரு நிமிடம் போனில் ஓடட்டும், குரலும் பதிவாகட்டும். தவறிய சொல்லின்மேல் கோடு. சரியாக வாசித்த சொற்களின் எழுத்துகளை மட்டும் கூட்டுங்கள். முடிந்ததும் பத்தியிலிருந்து மூன்று சின்னக் கேள்வி. வேகமாக வாசித்துவிட்டு ஒன்றுக்கும் பதில் தெரியாத பிள்ளைகள் இருக்கிறார்கள், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எது தவறு என்பதை முன்பே எழுதிவையுங்கள். நம் பக்கம் வாழைப்பழம் ‘வாயப்பளம்’தான். ‘பழம்’ என்று எழுதியதைப் பிள்ளை ‘பளம்’ என்று வாசித்தால்? நான் தவறாக எண்ணவில்லை. எழுத்தைக் கண்டுகொண்டாள், வீட்டு நாக்கில் சொன்னாள். சந்தேகம் வந்தால் எழுத்தைச் சுட்டி, “இது எந்த ழ?” என்று பிறகு கேட்கிறேன். உங்கள் முடிவு வேறாக இருக்கலாம். ஆனால் முதல் பிள்ளைக்கும் கடைசிப் பிள்ளைக்கும், ஜூலைக்கும் செப்டம்பருக்கும் அது ஒன்றாகவே இருக்க வேண்டும்.

படி 6: சீட்டுக் குலுக்கல், பிறகு இடமாற்றம்

24 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். முதல் அளவீட்டின்படி மேலிருந்து கீழ் வரிசையாக எழுதி, அடுத்தடுத்த இருவரை ஜோடியாக்குங்கள். ஒவ்வொரு ஜோடிக்கும் இரண்டு சீட்டு. ஒருவர் ‘அ’ குழு, மற்றவர் ‘ஆ’. நீங்களாகப் பிரித்தால் சுட்டியான பிள்ளைகளின் கையில் கருவியைக் கொடுக்கத்தான் மனம் போகும். எனக்கும் போயிற்று.

முதல் நான்கு வாரம் ‘அ’ குழுவுக்குக் கைக்கணினி, ‘ஆ’ குழுவுக்கு வாசிப்பு அட்டை. பிறகு அளவீடு. அடுத்த நான்கு வாரம் அப்படியே மாற்றிப்போடுங்கள். கடைசியில் இன்னொரு அளவீடு. இப்படிச் செய்தால் எந்தப் பிள்ளையும் விடுபடாது. “எனக்கு ஏன் டீச்சர் இல்ல?” என்று வருபவளிடம் காலண்டரில் அவள் முறையைக் காட்டலாம்.

கருவி ஒன்றுதானே என்பீர்கள். 12 பேரை மூவர் மூவராக நான்கு அணியாக்குங்கள். தினம் இரண்டு அணி, அணிக்கு 20 நிமிடம். வாரம் பத்து முறை ஓடும், ஓர் அணிக்கு இரண்டரை முறை, அதாவது 50 நிமிடம். மூவரும் ஆளுக்கொரு பக்கமாக மாறி மாறி வாசிக்க, மற்ற இருவரும் விரல் வைத்துக்கொண்டு வரட்டும். அட்டைக் குழுவும் மூவர் அணியாக, அதே 50 நிமிடம். கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

இரண்டு ஆசிரியர் பள்ளியில் ஒன்று முதல் மூன்று வரை சேர்த்து எடுப்பவருக்கு இது கடினம் என்று எனக்குத் தெரியும். அவர்கள் வாரம் மூன்று நாள் மட்டும் செய்யட்டும், ஆனால் இரு குழுவுக்கும் அதே மூன்று நாள்.

படி 7: தினக்குறிப்பு

தினம் நாலு வரி. தேதி, எந்த அணி, உண்மையில் எத்தனை நிமிடம் ஓடியது, எது தடுத்தது. கரண்ட் போனது, பயிற்சிக்குப் போனது, பள்ளித் தகவல் தளமான எமிஸில் பதிவதிலேயே காலை முழுவதும் கழிந்தது, எல்லாமே தரவுதான். 50 நிமிடம் திட்டமிட்டு 30 நிமிடம்தான் நடந்திருந்தால் கருவி தோற்றதாகச் சொல்ல முடியாது.

தினக்குறிப்பு எழுதியதால்தான் ஒன்றைக் கண்டுபிடித்தேன். வகுப்புக்குள் வைத்தால் செயலி பக்கத்துப் பிள்ளையின் குரலையும் கேட்டுவிட்டுச் சரியாக வாசித்தவளையும் தவறு என்றது. ஒரு பெண் மூன்று முறை ‘மரம்’ என்றாள், மூன்று முறையும் அது ஏற்கவில்லை. நாலாவது முறை அவள் குரல் எழும்பவேயில்லை. அன்றிலிருந்து கைக்கணினி அணி வேப்பமரத்தடிக்குப் போயிற்று.

படி 8: மறு அளவீடும் இன்னொரு காதும்

முதல்முறை போலவே: அதே இடம், அதே நேரம், அதே ஆள், புதிய பத்தி. நம் பிள்ளை நன்றாக வாசிக்க வேண்டும் என்று நம் காது ஆசைப்படும். அதனால் குரல்பதிவுகளில் ஐந்தில் ஒன்றை வேறொரு ஆசிரியரிடம் கொடுங்கள். எது முன், எது பின், எந்தக் குழு என்று சொல்லாதீர்கள். அவர் கணக்கும் உங்கள் கணக்கும் பெரிதாக விலகினால் இருவரும் உட்கார்ந்து விதியைத் திருத்தி, எல்லாப் பதிவையும் மறுபடி எண்ணுங்கள். அலுப்பான வேலை. இரண்டு சனிக்கிழமை போகும்.

படி 9: கணக்கிடுதல்

சராசரியை மட்டும் நம்பாதீர்கள். 12 பேரில் 11 பேர் ஆளுக்கு 2 எழுத்து முன்னேறி, ஒருத்தி மட்டும் 38 முன்னேறினால் சராசரி 5 வரும். நடுவில் நிற்கும் பிள்ளைக்கு முன்னேற்றம் 2தான். ஆகவே வரிசைப்படுத்தி நடு எண்ணை எடுங்கள். இன்னும் நல்லது, ஒரு வரைபடத்தாளில் பிள்ளைக்கு ஒரு கோடு: மூன்று அளவீடு, மூன்று புள்ளி. 24 கோடுகளையும் சேர்த்துப் பார்த்தால் எந்தப் புள்ளியியலும் தெரியாமலே பல சங்கதி புரியும். முதல் நான்கு வாரத்தில் ‘அ’ கோடுகளும் அடுத்த நான்கில் ‘ஆ’ கோடுகளும் செங்குத்தாக ஏறினால் கருவிக்குப் பலன் உண்டு. எப்போதும் எல்லாக் கோடும் ஒரே சாய்வில் ஏறினால் பிள்ளைகள் வளர்கிறார்கள், கருவி கூடுதலாக ஒன்றும் செய்யவில்லை.

என் வகுப்பில் மொட்டு நிலைப் பிள்ளைகளுக்குக் கருவி உதவியது. என் கேள்வியில் இல்லாவிட்டாலும் கூடவே சேர்த்து அளந்த, எழுத்தே பிடிபடாத அரும்புப் பிள்ளைகளின் கோடு கைக்கணினி வாரங்களில் படுத்துவிட்டது. அட்டையோடு என் பக்கத்தில் உட்கார்ந்தபோதுதான் எழுந்தது. இதைத் தோல்வி என்று மறைக்காமல் எழுதினேன், நீங்களும் எழுதுங்கள். அடுத்த ஆசிரியருக்குப் பயன்படுவது அதுதான்.

படி 10: எழுதி வெளியிடுதல்

கேள்வி, பிள்ளைகள், செய்த முறை, பத்திகள், கோடுகள், தடைகள் என்று எட்டுப் பக்கம் போதும். முதலில் சுற்றுப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் பேசுங்கள். அங்கே வரும் கேள்விகள் எந்த நிபுணர் கேள்விக்கும் குறைந்தவை அல்ல. பிறகு மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம். நான் போனது ராணிப்பேட்டைக்கு.

ஆய்விதழுக்கு அனுப்ப ஆசைப்பட்டால் பொறுமையாக இருங்கள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ‘சர்வதேச’, ‘பல்துறை’ என்று பெரிய பெயரோடு ஓர் இதழிலிருந்து மின்னஞ்சல் வந்தது. கட்டுரையை அனுப்பினேன், இரண்டே நாளில் ஏற்றுக்கொண்டார்கள், பணம் கட்டினேன். அச்சில் பார்த்தபோது என் பிள்ளைகளின் வாசிப்புக்கு முன் பக்கம் பன்னாட்டு வணிகம், பின் பக்கம் கால்நடை நோய். நான் வேண்டுமென்றே திருத்தாமல் விட்ட ஒரு கூட்டல் பிழை அப்படியே அச்சாகியிருந்தது. யாரும் படிக்கவே இல்லை. அந்தப் பணத்துக்கு வகுப்புக்கே கதைப்புத்தகம் வாங்கியிருக்கலாம் என்று இன்றும் மனம் வலிக்கிறது.

ஆகவே சரிபாருங்கள். ஐ.எஸ்.எஸ்.என். என்பது எட்டு இலக்க அடையாள எண், தரச்சான்று இல்லை. பல்கலைக்கழக மானியக் குழு ஏற்ற இதழ்களின் யு.ஜி.சி.-கேர் பட்டியல் 2019இல் வந்து 2025இல் நிறுத்தப்பட்டது. ‘கேர் பட்டியலில் உள்ளோம்’ என்று இன்றும் விளம்பரம் செய்பவரிடம் எச்சரிக்கை. யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய திறந்த அணுக்க இதழ் என்றால், அத்தகைய இதழ்களைப் பட்டியலிடும் டி.ஓ.ஏ.ஜே. தளத்தில் பெயர் இருக்கிறதா என்று இலவசமாகப் பார்க்கலாம். பழைய இதழ் ஒன்றைத் திறந்து எல்லாக் கட்டுரையும் கல்வி பற்றியதா என்று பாருங்கள். ஆசிரியர் குழுவில் உள்ள ஒருவருக்கு அவருடைய பல்கலைக்கழக முகவரியில் எழுதிக் கேளுங்கள். இரண்டு நாளில் ஏற்றுக்கொள்கிறவர்கள் படிக்கவில்லை.

படி 11: பெற்றோரிடம் திரும்பப் போங்கள்

இதழுக்கு அனுப்புவதற்கு முன்பே இதைச் செய்யலாம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் மொத்த வகுப்பின் கோடுகளைக் காட்டுங்கள், குறியீட்டோடு மட்டும். தங்கள் பிள்ளையின் கோட்டைப் பெற்றோரிடம் தனியாகக் காட்டுங்கள். பீடி சுற்றிய அந்த அம்மா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இந்தப் படுத்துக்கெடக்கிறது எந்த வாரம்?” என்று கேட்டார். சொன்னேன். “அப்போ அவளுக்குப் போன் வேணாம், நீங்களே பக்கத்துல உக்காரவச்சி சொல்லிக்குடுங்க” என்றார்.

மறுநாள் காலை பிரார்த்தனைக்கு முன்னால் அவளை என் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்காரவைத்து ‘ட’ அட்டையை எடுத்தேன்.